தேனீக்கும் ஒரு செம்பு நீர்

ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதே நம் விருதுநகர்ச் சீமைக்குப் பெருமழை. 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்பை அங்கத்தினர் பலர் செய்துள்ளனர். சேர்ந்த நீரில் தினம் ஒரு செம்பு, தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் வேண்டுகிறோம்.

எள்ளும் சூரியகாந்தியும் விதைப்போர்க்குத் தேனீ கூலி கேளாத வேலையாள். சித்திரை வெயிலில் அது நீரைக் கொணர்ந்து கூட்டினுள் பரப்பி, சிறகால் விசிறிக் குளிர்விக்கிறது. புழு வளரும் அடை ஏறத்தாழ 35 டிகிரியில் நிற்கவேண்டும். சங்கமே அமைத்துத் தேனீ வளர்த்த மார்த்தாண்டத்தார் இதை நன்கறிவர். கண்மாய் வற்றினால் அது சாக்கடையையும் சாயக்குழியையும் நாடும்.

அகன்ற மண்சட்டியில் கூழாங்கற்களைப் பரப்பி, அவை நீருக்குமேல் தலைநீட்டுமாறு நிரப்புக. தேனீ நீரில் விழுந்தால் மீள்வது அரிது. ஓரத்தில் ஈரமணல் இருக்கட்டும். பட்டாம்பூச்சி அதில் உப்புச்சத்தை உறிஞ்சும். கொசு பெருகாதிருக்க இரண்டு நாளுக்கொருமுறை நீரை மாற்றுக. தொட்டி வாயை நெருக்கமாக நெய்த துணியால் கட்டுக. நம்மிடம் துணிக்கா பஞ்சம்?

சிவகாசி வட்டாரத்தார்க்கு ஒரு சொல்: பட்டாசு மருந்துத் தூசி படியும் கூரையின் நீர் ஆகாது. எக்கூரையிலும் முதல் மழையை வழிந்தோட விடுக.

சட்டியைத் தை மாதமே வைத்துவிடுக. ஓரிடத்து நீருக்குப் பழகிய தேனீ எளிதில் இடம் மாறாது.