சாட்டின் பூ செய்யும் மேஜையில் மெழுகுவர்த்தி: ஸ்டாண்டைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

தை மாதம் வாழைப்பழம் சூறைவிடும் திருவிழாவுக்காகச் செய்திகளில் அடிபடும் ஊர் சேவுகம்பட்டி. பட்டிவீரன்பட்டிக்குப் பக்கம். மற்ற நாளில் அதுவும் நம் எல்லா ஊர்களையும் போலத்தான். தையல் மெஷின் ஒரு வீட்டில், ஆரி ஃபிரேம் ஒரு வீட்டில், சாட்டின் ரிப்பனில் பூ செய்து ஹேர் கிளிப்பாக விற்பவர் இன்னொரு வீட்டில். பெரும்பாலும் வீட்டின் முன்னறைதான் பட்டறை. இந்த வேலை செய்பவர்களின் மேஜையில் கரன்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு பொருள் இருக்கும். மெழுகுவர்த்தி!

வெளிச்சத்துக்கு இல்லை. சாட்டின், ஆர்கன்சா போன்ற துணிகளை வெட்டினால் ஓரம் நூல்நூலாகப் பிரியும். அந்த ஓரத்தைச் சுடர் பக்கத்தில் ஒரு நொடி காட்டினால் உருகி ஒட்டிக்கொள்ளும். இதழும் அழகாகச் சுருளும். பாலியஸ்டர் உருக 250 டிகிரி செல்சியஸ் சூடு போதும். மெழுகுவர்த்திச் சுடரின் உச்ச சூடோ ஆயிரம் டிகிரியைத் தாண்டும். அதனால்தான் ஒரு நொடி. இரண்டு நொடி ஆனால் கருகல், மூன்றாவது நொடியில் தீ.

சுடரைப் பார்த்துப் பயப்படுகிற நாம், அதைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்டைக் கண்டுகொள்வதே இல்லை. பித்தளையோ இரும்போ அலுமினியமோ, 'உலோகம்தானே, எரியாதே' என்ற தைரியம். எரியாதுதான். ஆனால் சூட்டை வாங்கி அப்படியே கீழே கடத்திவிடும். பித்தளை, கண்ணாடியைப்போல ஏறக்குறைய நூறு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தக்கூடியது. அலுமினியம் அதற்கும் மேல். மெழுகுவர்த்தி உயரமாக இருக்கும்வரை ஸ்டாண்டு ஜில்லென்றுதான் இருக்கும். திரி அடியை நெருங்கும்போதுதான் கதையே மாறுகிறது. அப்போது ஸ்டாண்டின் அடியில் இருப்பது பிளாஸ்டிக் விரிப்பா, தெர்மாகோலா, நேற்று வெட்டிய துணித் துண்டா என்பதுதான் கேள்வி.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கரன்ட் போனால் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து, நாலு சொட்டு மெழுகு விட்டு, அதன்மேல் மெழுகுவர்த்தியை ஒட்டி நிறுத்துவோமே, நினைவிருக்கிறதா? சாதாரண பாரஃபின் மெழுகு 50 முதல் 60 டிகிரிக்குள் இளகிவிடும். ஒட்டிய இடத்தில் மெழுகு பளபளவென்று ஈரமாகத் தெரிந்தால் டம்ளர் அந்தச் சூட்டுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். இன்னும் கொஞ்ச நேரத்தில் மெழுகுவர்த்தி சாயும். நடுவில் ஆணி வைத்த ஸ்டாண்டிலும் இதே சங்கதிதான். ஆணி சூடேறியதும் அதைச் சுற்றியுள்ள மெழுகு இளகி, மிச்சத் துண்டு சரிந்து விழும். அதனால் இரண்டு அங்குலம் மீதி இருக்கும்போதே அணைத்துவிடுங்கள். துண்டு மெழுகை வீணாக்க மனசு வராது, தெரியும். சேர்த்துவைத்தால் ஜிப் இழுக்கத் தேய்க்கலாம், ஊசி நூலுக்குப் பூசலாம்.

அலுமினியக் கிண்ணத்தில் வரும் குட்டி டீ லைட் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. அதில் மொத்த மெழுகும் உருகித் திரவமாகிவிடும். விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1860-ல் லண்டனில் சிறுவர்களுக்காக மெழுகுவர்த்தியைப் பற்றி மட்டுமே ஆறு சொற்பொழிவுகள் நடத்தினார். திரியில் எரிவது கட்டி மெழுகு அல்ல, அது உருகி ஆவியாகும்போது அந்த ஆவிதான் எரிகிறது என்பதை அவர் அங்கே செய்தே காட்டினார். இப்போது யோசியுங்கள். அழகுக்காகப் பத்து டீ லைட்டுகளை நெருக்கி வைத்தால் ஒன்றின் சூடு இன்னொன்றைக் காய்ச்சும், மெழுகு ஆவி கூடும். அதில் ஒரு தீக்குச்சித் துண்டோ நூல் பிசிறோ விழுந்தால் அதுவும் திரியாகிவிடும். கிண்ணம் முழுக்கக் கொழுந்துவிட்டு எரியும். அதில் தண்ணீர் ஊற்றவே கூடாது! தண்ணீர் நொடியில் நீராவியாகி, எரியும் மெழுகை முகத்துக்கு நேராகத் தெறிக்கவிடும். எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்தால் மூடுவது போலத்தான். எவர்சில்வர் தட்டால் மூடி, ஆறும்வரை திறக்காமல் விடுங்கள்.

மெழுகும் துணியும் புழங்கும் தொழில் நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைக்கு, உருக்கிய மெழுகில் அச்சை நனைத்துத் துணியில் ஒற்றுவார்கள். எந்த மெழுகாக இருந்தாலும் உருகிய பிறகு புகைய ஆரம்பித்தால் சூடு எல்லை மீறிவிட்டது என்று பொருள். வீட்டு மேஜையிலும் அதே கணக்குதான். சுடர் இல்லாத இடத்திலிருந்து புகை வந்தால் உடனே அணையுங்கள்.

அடுத்து, மேஜையில் வேறென்ன இருக்கிறது? ஸ்டோன் ஒட்டும் ரப்பர் பசை, நெயில் பாலிஷ் ரிமூவர், பெயின்ட் கலக்கும் தின்னர், டர்பன்டைன். இவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது. கண்ணுக்குத் தெரியாமல் மேஜையோடு மேஜையாக, தரையோடு தரையாக ஊர்ந்து சுடரைத் தேடிப் போகும். அசிட்டோனுக்கு நம் வெயில் தேவையே இல்லை, குளிர்காலத்திலும் பற்றும். எனவே பசை வேலை ஒரு நேரம், சுடர் வேலை வேறு நேரம். நடுவில் மூடியை இறுக்கி, பாட்டிலை அடுத்த அறைக்கு அனுப்பி, ஜன்னலைத் திறந்துவைத்துக் கொஞ்ச நேரம் விடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் கடைப்பிடிப்பேன் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

ஃபேன்தான் பெரிய தலைவலி. சித்திரை வெயிலில் திண்டுக்கல் பக்கம் ஃபேனை நிறுத்திவிட்டு வேலை செய் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் காற்றில் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் அந்தப் பக்கம் மெழுகு வழியும், ஸ்டாண்டு சீக்கிரம் சூடாகும், இதழ் ஓரமும் சீராக உருகாது. இதழ்களை மொத்தமாக வெட்டிவைத்துக்கொண்டு, சுடர் வேலையைக் காலை வேளையில் கால் மணி நேரத்தில் முடித்துவிடுவது ஒரு வழி. ஜன்னல் திறந்தே இருக்கட்டும். உருகும் பாலியஸ்டர் புகை மூச்சுக்கு நல்லதல்ல. இதழைக் கையில் பிடிக்காமல் இடுக்கியில் பிடியுங்கள். உருகிச் சொட்டுகிற துளி தோலில் ஒட்டினால் லேசில் வராது. துப்பட்டாவை இடுப்பில் செருகி, கூந்தலை முடிந்துகொண்டு உட்காருங்கள்.

ஸ்டாண்டு வாங்கும்போது கடையிலேயே ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். ஆடினால் வேண்டாம். அடி அகலமாகவும் கனமாகவும் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பூ, மணி, லேஸ் சுற்றியது போட்டோவுக்குத்தான் ஆகும். வீட்டில் ஒரு தட்டில் மணலைக் கொட்டி அதன் நடுவில் வைத்தால் சூடு மேஜைக்கு இறங்காது, சொட்டும் மெழுகும் மணலிலேயே நிற்கும். மீந்துபோன டைல்ஸ் துண்டு இருந்தாலும் போதும். சுற்றிலும் ஓர் அடிக்குத் துணி, காகிதம் எதுவும் வேண்டாம். திரியைக் கால் அங்குலத்துக்கு வெட்டிவிட்டால் சுடர் அடங்கி எரியும். அணைத்த உடனே ஸ்டாண்டைத் தூக்காதீர்கள், குழந்தைகளையும் தூக்கவிடாதீர்கள். பார்க்க ஆறியது போலத்தான் இருக்கும்.

கை சுட்டுவிட்டால் குழாயைத் திறந்து 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். வளையல், மோதிரத்தை வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள். ஒட்டிய மெழுகையோ துணியையோ பிய்க்க வேண்டாம். பேஸ்ட், இங்க், மஞ்சள், நெய் எதுவும் கூடாது. கொப்புளம் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ, முகத்தில் பட்டிருந்தாலோ 108. துணி மூட்டையில் தீப்பிடித்துவிட்டால் அணைத்துப் பார்க்கலாம் என்று உள்ளே நிற்காமல், எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு வந்து 101-ஐ அழையுங்கள்.