பலகையில் ஒரு துறைமுக இரயில் பாதை

உண்மையான இரயில் பாதை ஒன்றை அதன் தோற்றம் மாறாமல் மிகச் சிறிய அளவில் அமைப்பதே மாதிரி இரயில் பாதை எனப்படும். இக்கலையில் புதிதாக ஈடுபடுவோர் பெரும்பாலும் தண்டவாளத்தை வட்டமாகப் பதித்து, இரயிலைச் சுற்றிச் சுற்றி ஓடவிடுவர். சில நாள்களிலேயே அது சலித்துவிடும். துறைமுகப் பாதையில் இரயில் மெதுவாக வரும், நிற்கும், பின்வாங்கும், ஒரு பெட்டியைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிக்கொள்ளும். இந்த வேலைக்கு நீண்ட பாதை தேவையில்லை. ஆகவே, இடம் குறைவாக உள்ள வகுப்பறைக்கும் வீட்டுக்கும் துறைமுகப் பாதையே ஏற்றது.

மலாயாவின் முதல் இரயில் பாதைகள் துறைமுகங்களுக்காகவே போடப்பட்டன. சுரங்கத்தில் எடுத்த ஈயத்தைக் கப்பலில் சேர்ப்பதே அவற்றின் முதன்மை நோக்கம். 1885ஆம் ஆண்டு தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கும், 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கியும் பாதைகள் திறக்கப்பட்டன. 1891இல் சிரம்பானையும் போர்ட் டிக்சனையும் இணைக்கும் பாதை வந்தது. அதற்கு முன்பு, சுங்கை ஊஜோங் வட்டாரத்து ஈயம் லிங்கி ஆற்றின் வழியாகப் படகுகளில் கடலை நோக்கிச் சென்றது. லூபோக் சீனா வட்டார மக்கள் நன்கறிந்த அந்த ஆற்றின் வேலையை இரயில் எடுத்துக்கொண்டது.

இந்தச் சிரம்பான் – போர்ட் டிக்சன் பாதையை மாதிரியாக அமைக்க விரும்பும் மாணவர் குழு ஒன்று எவ்வாறு திட்டமிடலாம்?

முதலில் காலத்தை முடிவு செய்ய வேண்டும். 1930ஆம் ஆண்டுகளைத் தேர்ந்தெடுத்தால் நீராவி இயந்திரம், மாட்டுவண்டி, பழைய லாரி ஆகியவை ஒரே காட்சியில் இடம்பெறலாம். ஈயமும் இரப்பர் பொதிகளும் கப்பலுக்குச் செல்லும்; அரிசி மூட்டைகள் கப்பலிலிருந்து இறங்கும். பிற்காலத்தில் வந்த பெரிய இரும்புக் கொள்கலன்களுக்கு அங்கு இடமில்லை.

அடுத்தது அளவு. உலகில் பரவலாகப் பயன்படும் அளவுகளுள் ஒன்று 1:87. அதாவது, உண்மைப் பொருளின் 87 செ.மீ. நீளம் மாதிரியில் 1 செ.மீ. ஆகும். மலாயாவில் இரு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் 1 மீட்டர். அதை 87ஆல் வகுத்தால் ஏறத்தாழ 11.5 மி.மீ. வரும். கடைகளில் கிடைக்கும் 12 மி.மீ. அகலத் தண்டவாளம் இதற்குப் பொருந்தும்.

பாதையின் மொத்த நீளத்தையும் இதேபோல் கணக்கிட்டுப் பார்க்கலாம். சிரம்பானிலிருந்து போர்ட் டிக்சன் வரை ஏறத்தாழ 39 கிலோமீட்டர். அதை 87ஆல் வகுத்தால் 448 மீட்டர் வருகிறது. பள்ளித் திடலின் 400 மீட்டர் ஓட்டப் பாதையைவிட இது நீளம்! எனவே, முழுப் பாதையையும் அமைக்க முடியாது. எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று தீர்மானிப்பதே திட்டமிடலின் சாரம். இங்கு இரப்பர்த் தோட்டங்களையும் இடைநிலையங்களையும் விட்டுவிட்டு, கடலோர முனையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, தண்டவாள அமைப்பு. இங்கிலாந்தைச் சேர்ந்த ஆலன் ரைட் உருவாக்கிய எளிய அமைப்பு ஒன்று உலகெங்கும் புகழ்பெற்றது. ஒரு பாதை மூன்று கிளைகளாகப் பிரிகிறது. ஒரு கிளையில் ஐந்து பெட்டிகளும், மற்ற இரண்டில் மும்மூன்று பெட்டிகளும் நிற்கலாம். பாதை பிரிவதற்கு முன்னுள்ள பகுதியில் இயந்திரமும் மூன்று பெட்டிகளும் மட்டுமே அடங்கும். தொடக்கத்தில் எட்டுப் பெட்டிகள் நிற்கும். அவற்றுள் ஐந்தைச் சீட்டெடுத்துத் தேர்ந்து, சீட்டு வந்த அதே வரிசையில் கோக்க வேண்டும். எட்டிலிருந்து ஐந்தை வரிசைப்படுத்த 8 × 7 × 6 × 5 × 4, அதாவது 6,720 வழிகள் உள்ளன. எனவே, விளையாட்டு எளிதில் சலிக்காது. கப்பலில் முதலில் ஏற வேண்டிய சரக்கு முதலில் வந்து நிற்க வேண்டும் என்ற துறைமுகத்தின் உண்மைத் தேவையையும் இவ்விளையாட்டு உணர்த்துகிறது.

6 மீட்டர் நீளமுள்ள சரக்குப் பெட்டி மாதிரியில் ஏறத்தாழ 7 செ.மீ. ஆகும். இணைப்பையும் சேர்த்து 8 செ.மீ. என்று கொண்டால், ஐந்து பெட்டிகளுக்கு 40 செ.மீ., மூன்று பெட்டிகளுக்கு 24 செ.மீ. தேவை. இயந்திரம் சிறியதாக இருந்தால், 120 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள பலகையில் முழு அமைப்பும் அடங்கிவிடும். வெட்டுவதற்கு முன், தாளில் அதே அளவில் வரைந்து பலகைமீது விரித்துப் பார்ப்பது நல்லது.

நான்காவது, சூழல். துறைமுகத்தில் தண்டவாளம் பெரும்பாலும் தரையோடு தரையாகப் பதிந்திருக்கும். வண்டிகள் அதன்மீது கடந்து செல்லும். இதைக் காட்ட, தண்டவாளத்தின் மேல்மட்டம்வரை அட்டையை ஒட்டி, சக்கர விளிம்பு செல்லும் அளவுக்கு மட்டும் இடைவெளி விட வேண்டும். பலகையின் பின்புறம் கிடங்குகளின் முன்சுவர்களை நிறுத்தினால் இடம் மிச்சமாகும். பாதை கிடங்குக்குப் பின்னால் மறைந்தால், அது இன்னும் தொலைவு செல்வதாகவே காண்போருக்குத் தோன்றும். முன்புறம் கடல். நீல வண்ணத்தைவிட, பழுப்பு கலந்த பச்சை வண்ணத்தின்மீது பளபளப்புப் பூச்சு பூசுவதே மலாக்கா நீரிணையின் கரையோர நீருக்குப் பொருந்தும். கற்சுவரில் கடலேற்றத்தின் உயரத்தைக் காட்டும் கறையையும் மறக்கக்கூடாது.

பழைய வரைபடம், நிழற்படம், முதியோரின் நினைவு ஆகியவற்றிலிருந்து சான்றுகளைத் திரட்ட வேண்டும். கிடைக்காத விவரங்களைக் கற்பனையால் நிரப்பலாம். ஆனால், எது சான்று, எது கற்பனை என்பதைக் குறிப்பேட்டில் தனித்தனியே எழுதி வைக்க வேண்டும்.

இத்தகைய சான்றுகள் எளிதில் அழிந்துவிடும். மலாக்கா நகருக்கும் ஒரு காலத்தில் இரயில் பாதை இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் அதன் தண்டவாளங்களைப் பெயர்த்து, சயாம் – பர்மா மரண இரயில் பாதைக்குக் கொண்டு சென்றனர். தோட்டங்களிலிருந்து அங்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழர்களுள் ஆயிரக்கணக்கானோர் திரும்பவில்லை. மலாக்கா நகருக்கு அந்தப் பாதை மீண்டும் போடப்படவில்லை.

ஆகவே, இடமில்லை என்பதற்காக மாதிரியிலிருந்து மனிதர்களை விட்டுவிடக்கூடாது. தண்டவாளம் பதித்துப் பராமரித்தவர்களில் பெரும் பகுதியினர் தென்னிந்தியத் தொழிலாளர்கள். நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் பணிபுரிந்தனர். 1:87 அளவில் ஒரு மனிதர் 2 செ.மீ. உயரம்கூட இருக்கமாட்டார். மூட்டை சுமக்கும் ஒருவர், கொடி காட்டும் ஒருவர், பதிவேட்டோடு நிற்கும் ஒருவர் என மூவரைப் பலகையில் நிறுத்தினால் போதும். அந்தத் துறைமுகம் யாருடைய உழைப்பால் இயங்கியது என்பது காண்போருக்குப் புரிந்துவிடும்.