எலிக்கும் பிள்ளைக்கும் நடுவே ஓர் ஊசி

ஆட்டிசத்துக்கு எக்ஸோசோம் சிகிச்சை: தெரிந்ததும் விற்கப்படுவதும்

வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வருகிறது. முதல் பாதியில் மூன்று வயதுப் பையன் ஒருவன் பொம்மைக் காரைக் கவிழ்த்துப்போட்டுச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கிறான். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. இரண்டாம் பாதியில் அதே பையன் அம்மாவின் முகத்தைப் பார்த்து “பால்” என்கிறான். ‘எக்ஸோசோம் சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின்’ என்று கீழே எழுதியிருக்கிறது. அதற்கும் கீழே ஒரு கைபேசி எண்.

ஆட்டிசம் உள்ள பிள்ளையை வளர்க்கும் அம்மாவோ அப்பாவோ இந்த மாதிரி வீடியோவை ஒரு தடவை பார்த்துவிட்டு விடமாட்டார்கள். நகையை வைத்தால் எவ்வளவு கிடைக்கும் என்று அன்று இரவே மனக்கணக்கு ஓடும். அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்த வீடியோவின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே பல மாதங்கள் கடந்திருக்கின்றன. அந்த மாதங்களில் பையன் வளர்ந்திருக்கிறான். ஸ்பீச் தெரபிக்குப் போயிருக்கலாம், பால்வாடியில் சேர்ந்திருக்கலாம். பேச்சு வந்தது ஊசியாலா, வளர்ச்சியாலா? எக்ஸோசோம் பற்றிய விவாதம் முழுவதும் இந்த ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது.

எக்ஸோசோம் என்றால் என்ன?

நம் உடலின் செல்கள் கொழுப்புச் சவ்வால் ஆன மிகச் சிறிய பைகளை வெளியே விட்டுக்கொண்டே இருக்கின்றன. ஒரு பையின் குறுக்களவு ஏறத்தாழ 30 முதல் 150 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் இப்படி நூற்றுக்கணக்கான பைகளை வரிசையாக அடுக்கிவிடலாம்.

1983-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரோஸ் ஜான்ஸ்டனின் குழுவும், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஃபிலிப் ஸ்டாலின் குழுவும் தனித்தனியாக இதைக் கவனித்தன. இரண்டு குழுவும் பார்த்துக்கொண்டிருந்தது முதிராத சிவப்பணுக்களை. அவை முதிரும்போது தமக்கு இனித் தேவைப்படாத புரதங்களைச் சிறு பைகளில் கட்டி வெளியே தள்ளின. ‘எக்ஸோசோம்’ என்ற பெயரை 1987-இல் ஜான்ஸ்டன் வைத்தார். செல் தன் வீட்டைப் பெருக்கிக் குப்பையை வாசலில் கொட்டுகிறது என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள்.

2007-இல் அந்த எண்ணம் மாறியது. ஸ்வீடனின் கோதன்பர்க்கில் யான் லோட்வாலின் குழு, இந்தப் பைகளுக்குள் ஆர்.என்.ஏ. மூலக்கூறுகள் இருப்பதையும், ஒரு செல் விட்ட பையை வேறொரு செல் வாங்கி அதிலுள்ள செய்தியைப் பயன்படுத்திக்கொள்வதையும் காட்டியது. குப்பை என்று நினைத்தது கடிதமாக இருந்தது. புற்றுநோயைக் கண்டறிவதிலிருந்து மருந்தை உரிய இடத்தில் சேர்ப்பது வரை இன்று உலகெங்கும் எக்ஸோசோமை வைத்து ஆய்வு நடக்கிறது. அறிவியல் உண்மையானது. சிக்கல் அதற்கு அடுத்த படியில்தான் தொடங்குகிறது.

எலியிடம் நடந்தது

ஆட்டிசத்துக்கு எக்ஸோசோம் விற்பவர்கள் அடிக்கடி காட்டும் ஆதாரம் இஸ்ரேலின் டெல் அவிவ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. பேராசிரியர் டேனியல் ஓஃபனின் குழு 2018-இல் வெளியிட்ட ஆய்வு அது.

அவர்கள் எடுத்துக்கொண்டது பி.டி.பி.ஆர். என்ற வகைச் சுண்டெலியை. அது பிற எலிகளோடு அதிகம் ஒட்டாது. தன் உடலையே திரும்பத் திரும்ப நக்கிக்கொண்டிருக்கும். ஸ்டெம் செல்கள் வெளியிட்ட எக்ஸோசோம்களை அதன் மூக்கில் சொட்டாக விட்டார்கள். பிறகு அந்த எலி மற்ற எலிகளிடம் கூடுதலாகப் பழகியது, நக்கிக்கொள்வது குறைந்தது. பெண் எலி அருகில் வந்தால் ஆண் எலி எழுப்பும், மனிதக் காதுக்கு எட்டாத ஒலிகள் அதிகமாயின. கூட்டை விட்டு விலகிய குட்டிகளைத் தாய் எலி தூக்கிவருவதும் மேம்பட்டது.

அக்கறையோடு செய்த ஆய்வுதான். ஆனால் எலிக்கு ஆட்டிசம் வருவதில்லை. ஆட்டிசத்தின் சில அடையாளங்களைப் போலத் தோன்றும் நடத்தைதான் அதனிடம் இருக்கிறது. மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலமே இந்த வகை எலிக்குக் கிடையாது. மனிதக் குழந்தையிடம் ஆட்டிசத்தோடு தொடர்புள்ள மரபணுக்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. மூளை அமைப்பில் மாற்றம் கருவிலேயே தொடங்கிவிடுகிறது. சேதமான திசுவை வளர்க்கும் சிகிச்சைக்கு ‘மறுஉருவாக்க மருத்துவம்’ என்று பெயர். ஆட்டிசத்தில் எந்தத் திசு அழிந்தது, எதை மறுபடி உருவாக்குவது? சில குழந்தைகளின் மூளையில் அழற்சி இருக்கலாம், எக்ஸோசோம் அதைத் தணிக்கலாம் என்பது ஒரு கருதுகோள். கருதுகோளைச் சோதிக்கத்தான் வேண்டும். சோதிக்கும் முன்பே அதற்கு விலைச்சீட்டு ஒட்டக் கூடாது.

இருபத்தைந்து குழந்தைகள், நூற்றெண்பது குழந்தைகள்

சோதித்தால் என்ன ஆகும் என்பதற்கு எக்ஸோசோமின் நெருங்கிய உறவான தொப்புள்கொடி ரத்தத்தின் கதையே போதும்.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோன் கர்ட்ஸ்பெர்கும் ஜெரால்டின் டாசனும் 25 குழந்தைகளுக்கு, பிறந்தபோது சேமித்துவைத்த அவரவர் தொப்புள்கொடி ரத்தத்தை ஏற்றினார்கள். முடிவு 2017-இல் வந்தது. பெரிய பக்கவிளைவு இல்லை. பல குழந்தைகளிடம் முன்னேற்றம் தெரிந்தது. பெற்றோர் மத்தியில் பெரும் எதிர்பார்ப்பு எழுந்தது. ஆனால் அந்தச் சோதனையில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை.

அடுத்து, அதே குழு 2 முதல் 7 வயது வரையிலான 180 குழந்தைகளைச் சேர்த்தது. சிலருக்குத் தம்முடைய ரத்தம், சிலருக்குக் கொடையாளர் ரத்தம், 61 பேருக்கு மருந்தில்லாத வெறும் திரவம். யாருக்கு எது ஏறுகிறது என்று பெற்றோருக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்துப் பிறரோடு பழகும் திறனை அளந்தார்கள். 2020-இல் வந்த முடிவு: குழுக்களுக்கிடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. அறிவுத்திறன் குறைபாடு இல்லாத குழந்தைகளை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தபோது மெல்லிய சாடை தெரிந்தது. அது அடுத்த சோதனைக்குக் காரணமாகலாம், சிகிச்சைக்கு ஆகாது.

முதல் சோதனையில் அந்த 25 குழந்தைகளில் பலர் முன்னேறியது பொய்யில்லை. வெறும் திரவம் ஏறியிருந்தாலும் அவர்கள் முன்னேறியிருக்கக்கூடும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. காக்கை உட்காராத மரத்தையும் பார்த்தால்தான் பழம் விழுந்த காரணம் தெரியும்.

செக்ரெட்டின் சொல்லிவிட்டுப் போனது

இப்படி நடந்தது இது முதல் தடவையும் இல்லை. அமெரிக்காவில் வயிற்றுக் கோளாறுக்காக எண்டோஸ்கோபி செய்த மூன்று ஆட்டிசக் குழந்தைகளுக்கு, பரிசோதனைக்காகச் செக்ரெட்டின் என்ற குடல் ஹார்மோனைச் செலுத்தினார்கள். பிறகு அவர்கள் கண் பார்த்துப் பேசத் தொடங்கினார்கள் என்ற செய்தி 1998-இல் தொலைக்காட்சியில் வந்தது. மருந்துக்காகக் குடும்பங்கள் அலைந்தன. 1999-இல் 60 குழந்தைகளிடம் முறையாகச் சோதித்தார்கள். செக்ரெட்டின் பெற்றவர்களிலும் உப்புநீர் பெற்றவர்களிலும் சிலர் ஒரே அளவில் முன்னேறினார்கள். முடிவைச் சொன்ன பிறகும், அந்தச் சோதனையில் இருந்த பெற்றோரில் 69 சதவீதம் பேர் செக்ரெட்டினில் தங்களுக்கு இன்னமும் ஆர்வம் உண்டு என்றார்கள்.

அந்த 69 சதவீதத்தைப் படித்துச் சிரிக்க முடியாது. பிள்ளையின் முகத்தில் எதைப் பார்க்க ஏங்குகிறோமோ அதைத்தான் கண் முதலில் பார்க்கும். அதனால்தான் அளப்பவருக்கே எது மருந்து என்று தெரியாமல் மறைக்கிறார்கள்.

குப்பிக்குள் என்ன?

எக்ஸோசோம் மாத்திரையைப் போல ஒரே வார்ப்பில் வருவதில்லை. எந்த செல், எந்தக் கொடையாளர், எப்படிப் பிரித்தார்கள், எந்தக் குளிரில் வைத்தார்கள் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு தொகுதியும் மாறும். குப்பியில் இருப்பவை எக்ஸோசோம்கள்தான் என்று நிரூபிப்பதே கடினம் என்பதால், ‘செல்வெளிப் பைகள்’ என்ற பொதுப்பெயரையே பயன்படுத்துங்கள் என்று இத்துறை ஆய்வாளர்களின் சர்வதேசச் சங்கம் பரிந்துரைக்கிறது.

2018-இல் டெக்சஸ், ஃபுளோரிடா, அரிசோனா மாநிலங்களில் அங்கீகாரமற்ற தொப்புள்கொடி ரத்தத் தயாரிப்புகளை ஊசியாகப் போட்டுக்கொண்ட 12 பேர் பாக்டீரியா தொற்றால் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 2019 டிசம்பரில் நெப்ராஸ்காவில் எக்ஸோசோம் என்ற பெயரில் விற்ற தயாரிப்புகளால் நோயாளிகளுக்குக் கடும் பாதிப்பு ஏற்பட்டதை அடுத்து, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. பொது எச்சரிக்கை விடுத்தது. எந்த நோய்க்கும் எந்த எக்ஸோசோம் தயாரிப்புக்கும் ஒப்புதல் தரவில்லை என்றது. ‘இதில் செல் இல்லை, எனவே ஸ்டெம் செல் விதி பொருந்தாது’ என்று விற்பவர்கள் சொல்வது உண்டு. எக்ஸோசோமும் மருந்துச் சட்டத்துக்குள்தான் வரும் என்று அந்த எச்சரிக்கை தெளிவாக்கியது.

இங்கே விதி என்ன?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ரத்த நோய்கள் போன்ற அங்கீகரிக்கப்பட்ட சில நிலைகளைத் தவிர மற்ற எதற்கும் ஸ்டெம் செல்லை முறையான சோதனைக்கு வெளியே கொடுக்கக் கூடாது. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது, அதை ஊக்குவிப்பது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரில் சொன்னது. செல்லுக்கே இதுதான் நிலை என்றால், செல்லிலிருந்து பிரித்தெடுத்த பைக்கு அதைவிடக் குறைந்த ஆதாரம் போதும் என்று யாரும் வாதாட முடியாது.

“இது ட்ரையல்தான் சார்” என்று யாராவது சொன்னால் நாலு கேள்வி கேளுங்கள். இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவு எண் என்ன? நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதம் எங்கே? ஒப்பீட்டுக் குழு உண்டா? பிள்ளைக்குப் பாதிப்பு வந்தால் மருத்துவச் செலவையும் இழப்பீட்டையும் யார் ஏற்பார்கள்? கடைசியாகச் சொன்னது, 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்து மற்றும் மருத்துவச் சோதனை விதிகளில் இருக்கும் கடமை. கட்டணம் எவ்வளவு என்ற பேச்சு முதலிலேயே வந்தால், மற்ற கேள்விகளைக் கேட்கத் தேவையே இருக்காது.

இன்னொரு வீடியோ

சரி, எதுதான் உதவும்? பேச்சுப் பயிற்சி, தொழில்வழிச் சிகிச்சை, சிறப்புக் கல்வி, பெற்றோருக்கான பயிற்சி. மெதுவாக நடக்கும் வேலைதான். தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையங்களையும், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தையும் அணுகலாம். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்ச ரூபாய் வரை உண்டு. தெரபிச் செலவும் அதில் அடங்கும்.

கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2016-இல் வெளிவந்தது. பயிற்சி கொடுத்தவர்கள் மருத்துவர்களோ நிபுணர்களோ இல்லை. பயிற்சி பெற்ற சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள். அம்மாவும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுப்பார்கள். பிறகு அம்மாவும் பணியாளரும் உட்கார்ந்து அதைப் பார்ப்பார்கள். இங்கே பிள்ளை உங்களைப் பார்த்தான், நீங்கள் கவனிக்கவில்லை. இங்கே அவன் காரை நீட்டினான், நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். இப்படி நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதுதான் பயிற்சி. ஒப்பீட்டுக் குழுவோடு வைத்துப் பார்த்தபோது, பெற்றோர் பிள்ளையின் போக்கோடு இசைந்து பேசுவது கூடியது; பிள்ளை தானாகத் தொடர்புகொள்ள முன்வருவதும் கூடியது. இருவரும் ஒன்றையே சேர்ந்து கவனிக்கும் நேரம் மட்டும் குறைந்தது. ஆய்வாளர்கள் அதையும் மறைக்காமல் எழுதினார்கள்.

அந்த வீடியோவின் கீழே கைபேசி எண் எதுவும் இல்லை. அதில் முன், பின் என்ற இரண்டு பாதிகளும் இல்லை. ஒரு அம்மா தன் பிள்ளை எப்போது திரும்பிப் பார்க்கிறான் என்று கற்றுக்கொள்ளும் சில நிமிடங்கள்தான் இருக்கின்றன.