ஏற்றம் மூச்சை வாங்கும், இறக்கம் காலை வாரும்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், சான் ஹுவான் மலைகளுக்கு நடுவே சில்வர்டன் என்றொரு சிற்றூர். சுரங்கங்களால் பிழைத்த ஊர். ஜூலை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை 6 மணிக்கு இங்கிருந்து நூற்றைம்பது பேருக்கும் குறைவானவர்கள் ஓடக் கிளம்புகிறார்கள். டெல்லுரைடு, யூரே என்ற பழைய சுரங்க ஊர்களைத் தொட்டு, 160 கிலோமீட்டருக்குச் சற்று மேல் சுற்றிவிட்டு, 48 மணி நேரத்துக்குள் கிளம்பிய இடத்துக்கே திரும்ப வேண்டும். முடிவில் அறுப்பதற்கு ரிப்பன் கிடையாது. செம்மறிக் கிடாத் தலை வரைந்த பாறை ஒன்றுக்கு முத்தம் கொடுத்தால்தான் ஓட்டம் கணக்கில் சேரும். சுரங்கத் தொழிலாளர்களின் நினைவாக 1992இல் தொடங்கிய இந்தப் பந்தயத்தின் பெயர் ஹார்ட்ராக் 100.

பாதையின் சராசரி உயரமே சுமார் 3,350 மீட்டர். அதன் உச்சியான ஹேண்டீஸ் சிகரம் 4,280 மீட்டர். "மேலே ஆக்சிஜன் குறைவு" என்பது பாதி உண்மைதான். காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கேயும் 21 சதவீதமே. காற்றழுத்தம்தான் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் மூன்று பங்காகக் குறைந்துவிடுகிறது. அதனால் நெஞ்சு நிறைய இழுத்தாலும் உள்ளே போவது கொஞ்சம்தான். உடல் முதலில் வேகவேகமாக மூச்சு விட்டுச் சமாளிக்கும். அப்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, ரத்தத்தில் காரத்தன்மை கூடும். அதைச் சரிக்கட்டச் சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேற்றும். இதற்குச் சில நாட்களாகும், சிவப்பணுக்கள் பெருகவோ வாரக்கணக்காகும். முடிந்தவர்கள் முன்கூட்டியே வந்து மலையில் தங்கிவிடுவது இதற்காகத்தான். அப்படியும் செங்குத்தான ஏற்றங்களில் முதல் ஆளாகப் போகிறவரே பெரும்பாலும் நடந்துதான் போகிறார், இரு கைகளிலும் தடியை ஊன்றிக்கொண்டு. ஓட்டப் பந்தயம் என்ற சொல்லை இங்கே கொஞ்சம் தாராளமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மொத்த ஏற்றம் ஏறத்தாழ 10,000 மீட்டர். எவரெஸ்ட்டின் உயரத்தைவிட அதிகம் என்று எல்லோரும் வாயைப் பிளப்பது இதைக் கேட்டுத்தான். கிளம்பிய இடத்துக்கே திரும்புவதால் இறக்கமும் அதே 10,000 மீட்டர் என்பதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. என்னைக் கேட்டால் அதுதான் கொடியது. சரளைச் சரிவில் கால் பதியும் ஒவ்வொரு முறையும் முழங்கால் மடங்கி, உடம்பின் எடை முன்தொடைத் தசைமேல் விழுகிறது. தசை சுருங்கி அதைத் தாங்கப் பார்க்க, எடையோ தசையை இழுத்து நீட்டுகிறது. இந்த இழுபறி ஆயிரக்கணக்கான தடவை நடந்தால் தசையிழைகளுக்குள் நுண்ணிய கிழிசல்கள் விழும். மூச்சு வாங்கினால் நின்று ஆற்றிக்கொள்ளலாம். கிழிந்த தசை பந்தயம் முடிவதற்குள் ஆறாது. ஆனால் சில வாரங்களுக்கு முன்பே இறக்கத்தில் ஓடிப் பழகிய தசை, அடுத்த முறை குறைவாகவே சேதப்படும். பயிற்சியில் மலையேறுவதோடு நிறுத்திக்கொள்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

அடுத்து வயிறு. ரத்தம் கால்களுக்கே போவதால் குடலின் பங்கு சுருங்கும். உயரம் பசியையும் கெடுக்கும். மணிக்கு 200, 300 கலோரியாவது உள்ளே போக வேண்டிய நேரத்தில் குமட்டிக்கொண்டு வரும். அதற்குப் பயந்து வெறும் தண்ணீரையே குடித்துத் தள்ளினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். சுமார் 4,000 மீட்டர் உயரத்தில், வர்ஜினியஸ் கணவாயின் ஒடுங்கிய இடுக்கில், தன்னார்வலர்கள் சாப்பாட்டு மூட்டைகளை முதுகில் சுமந்துபோய் ஓர் உதவி முகாம் நடத்துகிறார்கள். அங்கே சூடாக ஏதாவது விழுங்க முடிந்தவருக்குத்தான் மிச்ச வழி. பிற்பகலானால் இடியும் மின்னலும் வேறு. இரண்டாம் இரவிலும் தூங்காதவர்கள் சிலருக்குப் பாறைகள் ஆட்களாகத் தெரியும்.

இத்தனையையும் தாண்டி, 2022இல் கிலியன் ஜோர்னெட் என்ற ஓட்டக்காரர் 21 மணி 36 நிமிடத்தில் ஓடி முடித்தார். 2024இல் அதை மூன்று நிமிடம் குறைத்த பிரெஞ்சுக்காரர் லுடோவிக் பொம்மெரே அப்போது ஐம்பதை நெருங்கியிருந்தார். ஆக்சிஜனை உள்வாங்கும் உச்சத் திறன் வயதாக ஆகச் சரியும் என்பது உண்மைதான். ஆனால் இருபது மணி நேரத்துக்கு மேல் நீளும் பந்தயத்தில் யாரும் அந்த உச்சத்தில் ஓடுவதே இல்லை. தொடையைக் காப்பாற்றவும் குமட்டலோடு சாப்பிடவும் தெரிந்திருந்தால் வயது அவ்வளவாகக் குறுக்கே நிற்பதில்லை. ஹார்ட்ராக்கில் ஆண்டுக்கு ஆண்டு ஓடும் திசை மாறும், ஏற்றமெல்லாம் இறக்கமாகும். 2025இல் எதிர்த்திசையில் ஓடியபோதும் பொம்மெரேதான் முதலில் வந்தார்.