மலை ஏறினா சுருதி இறங்கும்

கொடைக்கானல்ல 1845-லேயே அமெரிக்க மதுரை மிஷன்காரங்க வீடு கட்டிட்டாங்க. 1901-ல் பள்ளிக்கூடமும் வந்தது. அவங்களோட நாலு குரல்ல பாடுற வழக்கமும் மலை ஏறியது. அதைப் படிக்கும்போது எனக்கு ஒரு கேள்வி: சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவருக்கு உண்மையில் என்னதான் வேலை?

முதல் வேலை, காற்றைக் கவனிப்பது. குழாய் ஆர்கனின் சுருதி, குழாயின் நீளத்தையும் உள்ளே இருக்கும் காற்றில் ஒலி ஓடும் வேகத்தையும் பொறுத்தது. 32 டிகிரி சென்னையில் அந்த வேகம் நொடிக்குச் சுமார் 350 மீட்டர். 17 டிகிரி கொடைக்கானலில் சுமார் 341. சென்னையில் 440 ஹெர்ட்ஸுக்குச் சேர்த்த குழாயை மேலே கொண்டுபோனால் 429-தான் பேசும். ஏறக்குறைய கால் சுரம் இறங்கிவிடும். உயரத்தால் அல்ல, குளிரால். நாக்கு வைத்த குழாய்கள் இந்த அளவுக்கு இறங்காது. அதனால் ஒரே ஆர்கனுக்குள்ளேயே சண்டை வரும்! ஆர்மோனியத்தில் இந்தத் தொல்லை ரொம்பக் குறைவு.

இரண்டாவது வேலை, இரண்டு இசைக்கு நடுவில் நிற்பது. பாமாலைக்கு நாலு குரலையும் விரலில் வாசிக்கணும். அடுத்து வேதநாயகம் சாஸ்திரியார் கீர்த்தனை வந்தால் அது ராகம். கமகத்தைக் கட்டையில் கொண்டுவர முடியாது. நல்ல வாசிப்பாளர் அங்கே கையைக் குறைத்துக்கொண்டு, சபையின் குரலை முன்னே விடுவார்.

மூன்றாவது, பாடகர் குழு. துணைக்கருவி இல்லாமல் பாடினால் குழு மெல்ல மெல்லச் சுருதி இறங்கும். அதைக் கேட்கிற காது வேணும், கைகாட்டித் தூக்கிவிடவும் தெரியணும்.

சரி, இதை வைத்துப் பிழைக்க முடியுமா? விக்டர் பரஞ்சோதியைப் பாருங்கள். அகில இந்திய வானொலியில் வேலை பார்த்தவர், 1956-ல் பம்பாயில் தன் பெயரிலேயே ஒரு பாடகர் குழுவைத் தொடங்கினார். 1967-ல் அவர் இறந்தார். குழு கலையவில்லை, கூமி வாடியா அதை எடுத்து நடத்தினார், பல பத்தாண்டுகள்.

எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. இப்போது பல சர்ச்சுகளில் கீபோர்டு பொத்தானை அழுத்தினால் தாளம் வந்துவிடுகிறது, சுருதியை மாற்றவும் ஒரு பொத்தான் போதும். வாசிக்க ஆள் கிடைக்காமல் போகாது. ஆனால் நாற்பது பேரை ஒருவரையொருவர் கேட்டுப் பாட வைப்பதற்குப் பொத்தான் கிடையாது. அந்தக் கையைப் பார்த்துப் பார்த்துத்தான் அடுத்த ஆள் கத்துக்கணும்.