நோ காஸ்ட் இஎம்ஐ: வட்டி பூஜ்ஜியம்னா செலவும் பூஜ்ஜியமா?



"மாசம் வெறும் 4,000 ரூபாய்தான் சார். வட்டி கிடையாது, முன்பணம் கிடையாது." மொபைல் கடைக்குப் போன யாருக்கும் இந்த வசனம் புதுசு இல்லை. ஆன்லைன்ல வாங்கினா இதையே ஒரு பச்சைக் கலர் பட்டன் சொல்லும்: 'நோ காஸ்ட் இஎம்ஐ'.

இதுல ரெண்டு கட்சி இருக்கு. "இது சுத்த ஏமாத்து வேலை"ன்னு ஒரு கட்சி. "வட்டியே இல்லாம கடன் கொடுக்கிறான், எடுக்காதவன் முட்டாள்"னு இன்னொரு கட்சி. ரெண்டு பேருமே கணக்கு போட்டுப் பார்த்திருக்க மாட்டாங்க. இன்னைக்கு நாம போட்டுடுவோம். ஒரு பேப்பரும் மொபைல் கால்குலேட்டரும் போதும்.

வட்டி எங்கே போகுது?

முதல்ல ஒரு விஷயம் தெளிவா இருக்கட்டும். எந்த வங்கியும் வட்டி இல்லாம கடன் கொடுக்காது. நோ காஸ்ட் இஎம்ஐயிலும் வட்டி உண்டு. அந்த வட்டித் தொகையை மொபைல் கம்பெனியோ கடையோ முன்கூட்டியே தள்ளுபடியா கழிச்சுடறாங்க. அவ்வளவுதான்.

உதாரணத்துக்கு, போன் விலை 36,000 ரூபாய். கிரெடிட் கார்டுல 9 மாச இஎம்ஐ, மாசம் 4,000. வங்கியோட வட்டி வருஷத்துக்கு 15 சதவீதம்னு வச்சுக்குவோம். இந்த வட்டியில மாசம் 4,000 வீதம் 9 மாசம் கட்டுற கடனோட அசல் 33,849 ரூபாய்தான் வரும். மிச்சம் 2,151 ரூபாய் வட்டி. அதனால உங்க கார்டுல 33,849-க்குத்தான் கடன் ஏறும். 2,151 ரூபாயைத் தள்ளுபடின்னு காட்டுவாங்க. நீங்க கட்டி முடிக்கும்போது 36,000 ஆகியிருக்கும்.

இதுவரைக்கும் சரி. ஆனா இதோட முடியலை.

பில்லுல வர்ற மூணு செலவு

முதல் செலவு, வட்டிக்கு ஜிஎஸ்டி. கிரெடிட் கார்டு வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. வட்டியைக் கடைக்காரர் தள்ளுபடியில ஈடு கட்டிட்டாலும், வரியை நீங்கதான் கட்டணும். 2,151-க்கு 18 சதவீதம்னா 387 ரூபாய். முதல் மாசம் 76 ரூபாயில ஆரம்பிச்சு, கடைசி மாசம் 9 ரூபாய்ல முடியும். துண்டு துண்டா வர்றதால யாரும் கவனிக்கிறதில்லை. வட்டியே இல்லைன்னு சொல்லி விக்கிற கடன்ல வட்டிக்கு வரி வாங்குறாங்க, யோசிச்சுப் பாருங்க.

ரெண்டாவது, பிராசஸிங் ஃபீஸ். 199 ரூபாய்னு வச்சுக்கிட்டா, ஜிஎஸ்டியோட 235. இது பெரும்பாலும் முதல் பில்லுலயே வந்துடும். ஆக, இந்த ரெண்டும் சேர்ந்து 622 ரூபாய்.

மூணாவது செலவு எந்த பில்லுலயும் வராது. அது நீங்க இழந்த தள்ளுபடி. மொத்தப் பணமும் கட்டி வாங்குறவருக்கு அதே கடையில 1,500 ரூபாய் குறைச்சிருந்தா, உண்மையான விலை 34,500தான். இஎம்ஐ எடுத்த உங்களுக்கு மட்டும்தான் அது 36,000. போதாததுக்கு, பல கார்டுகள்ல இஎம்ஐ வாங்கலுக்கு ரிவார்டு பாயின்ட்டும் கிடையாது.

கூட்டிப் பாருங்க. 622 + 1,500 = 2,122 ரூபாய். 34,500 ரூபாய் பொருளை 9 மாசத் தவணையில வாங்க இது கூடுதல் செலவு. இதை வருஷ வட்டியா மாத்தினா கிட்டத்தட்ட 15 சதவீதம் வருது. வங்கி வாங்குற அதே வட்டி! சுத்தி வளைச்சு உங்ககிட்டயே வந்து சேர்ந்துடுச்சு.

ஆனா நேர்மையா இன்னொரு பக்கமும் சொல்லணும். மொத்தமா கட்டினாலும் தள்ளுபடி எதுவும் கிடையாது, விலை 36,000தான்னா, உங்க செலவு 622 மட்டுமே. அது வருஷத்துக்குச் சுமார் 4 சதவீதம். எஃப்டியில ஆறு ஏழு சதவீதம் கிடைக்கிற காலத்துல இது மலிவான கடன்தான். கையில முழுப் பணமும் இருந்து, அதை எஃப்டியில போட்டுட்டு இஎம்ஐ எடுத்தா சில நூறு ரூபாய் லாபம்கூட வரலாம். பணம் சேமிப்புக் கணக்கிலேயே கிடந்தா அதுவும் இல்லை.

ஆக, நோ காஸ்ட் இஎம்ஐ நல்லதா கெட்டதான்னு கேட்டா, "மொத்தமா கட்டினா எவ்வளவு குறைப்பீங்க?"ங்கிற ஒரே கேள்வியிலதான் பதில் இருக்கு. இஎம்ஐன்னு வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே இதைக் கேட்டுடுங்க. அப்புறம் கேட்டா சரியான பதில் வராது.

ரிசர்வ் வங்கி என்ன சொல்லுது?

இது புது விஷயம் இல்லை. 2013 செப்டம்பர்லயே ரிசர்வ் வங்கி, பூஜ்ஜிய சதவீத வட்டிங்கிற ஒண்ணே கிடையாது, கார்டு இஎம்ஐயில வட்டியைப் பிராசஸிங் ஃபீஸ்ங்கிற பேர்ல ஒளிக்கக் கூடாதுன்னு வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு. அதுக்கப்புறம்தான் 'ஜீரோ பர்சென்ட்' போய் 'நோ காஸ்ட்' பரவலாச்சு.

2022-ல வந்த கிரெடிட் கார்டு விதிமுறைகள் இன்னும் தெளிவு. இஎம்ஐயா மாத்துறதுக்கு முன்னாடியே அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தள்ளுபடி எவ்வளவுன்னு தனித்தனியா காட்டணும். மாச பில்லுலயும் தனித்தனியா வரணும். வட்டி இருக்கிற இஎம்ஐயை நோ காஸ்ட்னு வேஷம் போட்டு விக்கக் கூடாது. அதனால உங்க அடுத்த ஸ்டேட்மென்ட் வந்ததும் இந்த மூணு எண்ணையும் தேடுங்க. தள்ளுபடியும் மொத்த வட்டியும் சமமா இல்லைன்னா, அது நோ காஸ்ட் இல்லை. வங்கிக்கு எழுத்துல புகார் கொடுங்க. 30 நாள்ல பதில் வரலைன்னாலோ, வந்த பதில் திருப்தியா இல்லைன்னாலோ ரிசர்வ் வங்கியோட ஓம்புட்ஸ்மேன்கிட்ட இலவசமா போகலாம்.

கார்டு இல்லாம, கடையிலேயே நிதி நிறுவனத்துக் கடன் எடுக்கிறவங்களுக்கு வேற ஒரு ஆயுதம் இருக்கு. 2024 அக்டோபர் 1-லிருந்து இந்த மாதிரி தவணைக் கடனுக்கெல்லாம் 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' கொடுத்தே ஆகணும். எல்லாக் கட்டணமும் சேர்த்து வருஷ வட்டி எவ்வளவுன்னு அதுல இருக்கும். கடன் வாங்குறவருக்குப் புரியற மொழியில அது இருக்கணும்னும் விதி சொல்லுது. அதாவது, தமிழ்ல கேளுங்க, உங்க உரிமை! கொடுத்த நிபந்தனையைக் குறைஞ்சது மூணு வேலை நாளாவது மாத்தாம வச்சிருக்கணும். "இன்னைக்குக் கையெழுத்து போடலைன்னா ஆஃபர் போயிடும் சார்"னு அவசரப்படுத்தினா, கடையோட விலைச் சலுகை வேணும்னா போகலாம், கடன் நிபந்தனை போகாது. கிரெடிட் கார்டு பாக்கிக்கு மட்டும் இந்தப் படிவம் பொருந்தாது.

ஆனா பாருங்க, இந்த எந்தப் படிவத்துலயும் அந்த 1,500 ரூபாய் தள்ளுபடி வராது. அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. என்னோட கருத்து இதுதான்: நோ காஸ்ட் இஎம்ஐன்னு எழுதுற ஒவ்வொரு விலைச்சீட்டுலயும் 'மொத்தமா கட்டினா இவ்வளவு, தவணையில கட்டினா எல்லாம் சேர்த்து இவ்வளவு'ன்னு ரெண்டு விலையும் பக்கத்துல பக்கத்துல இருக்கணும். ஒரு வரி கூடுதலா அச்சடிச்சா போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துடும்.

வரி விஷயமும் அப்படித்தான். 2020 ஏப்ரல் 1-ல மொபைலுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 18 சதவீதமா ஏறுச்சு. 2025 செப்டம்பர் 22-ல ஏசிக்கும் பெரிய டிவிக்கும் 28-லிருந்து 18 ஆச்சு. மொபைல் மட்டும் அதே 18-ல நின்னுடுச்சு. இன்னைக்கு ஏசிக்கும் மொபைலுக்கும் ஒரே வரி. சம்பளம் வந்த மெசேஜ், வங்கி ஓடிபி, யுபிஐ, பிஎஃப் கணக்குன்னு எல்லாமே போன் வழியா நடக்கிற காலத்துல, 18,000 ரூபாய் போன்லகூட 2,746 ரூபாய் வரி இருக்கு. விலை குறைஞ்ச போன்களுக்காவது பழைய 12 சதவீதத்தைத் திரும்பக் கொண்டு வரலாம்.

நிஜமான செலவு 622 ரூபாய் இல்லை

இப்ப முக்கியமான இடத்துக்கு வருவோம். இவ்வளவு நேரம் சில நூறு, ரெண்டாயிரம் ரூபாய் பத்திப் பேசினோம். நோ காஸ்ட் இஎம்ஐயோட பெரிய செலவு இதுல எதுவுமே இல்லை.

நீங்க வீட்டுல இருந்து கிளம்பும்போது 18,000 ரூபாய் போன் வாங்கத்தான் கிளம்பினீங்க. கடையில மாசக் கணக்குல பேச ஆரம்பிச்சாங்க. "இது மாசம் 2,000. அது 4,000. நடுவுல ரெண்டாயிரம்தானே சார், கேமரா வேற லெவல்." மாசத்துக்கு ரெண்டாயிரம் சின்னதாத் தெரியுது. ஆனா 9 மாசத்துக்கு அது 18,000 ரூபாய். வட்டியில 622 போச்சேன்னு வருத்தப்படுறோம், போன் மாறினதுல 18,000 போனது கண்ணுக்கே தெரியலை. இஎம்ஐ வட்டியில நம்மள அடிக்கிறதைவிட, விலையை மறக்க வச்சுத்தான் அதிகமா அடிக்குது.

கைக்கு வர்ற சம்பளம் 28,000னு வச்சுக்குங்க. 4,000ங்கிறது அதுல ஏழுல ஒரு பங்கு. இதோட ஒரு பைக் தவணை, வீட்டுக்கு அனுப்புற பணம், ஹாஸ்டல் வாடகை. நடுவுல வேலை மாறி ஒரு மாசம் சம்பளம் தள்ளிப்போனா? கார்டு பில்லை முழுசாக் கட்டலைன்னா வட்டி ஏறும், மினிமம் தொகைகூட கட்டலைன்னா லேட் ஃபீஸும் வரும். பல கார்டுகள்ல வட்டி வருஷத்துக்கு 40 சதவீதத்தைத் தாண்டும். அந்த மாசம் பால் பாக்கெட்டுக்கும் பெட்ரோலுக்கும் தேய்ச்ச பணத்துக்கும் வட்டியில்லாக் காலம் போயிடும். பூஜ்ஜியத்துல ஆரம்பிச்ச கடன் நாற்பதுல வந்து நிக்கும். சிபில் ஸ்கோரும் அடி வாங்கும். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கப் போகும்போது அந்தப் போன் உங்க கையிலேயே இருக்காது, அந்தப் பதிவு மட்டும் இருக்கும்.

அந்த 18,000 ரூபாயைப் பத்து வருஷம் முதலீடு பண்ணா எவ்வளவு ஆகும்னு நான் பெரிய எண் காட்டப் போறதில்லை. அவசர நிதியில 18,000 இருந்தா, மேல சொன்ன சம்பளம் தள்ளிப்போன மாசம் நீங்க யார்கிட்டயும் கையேந்த வேண்டாம். அது போதும்.

அப்போ என்ன பண்ணலாம்?

1. பட்ஜெட்டை மொத்த விலையில முடிவு பண்ணிட்டு வீட்டுல இருந்து கிளம்புங்க. மாசத் தவணையில பட்ஜெட் போடாதீங்க.

2. மொத்தமா கட்டினா என்ன விலைன்னு முதல்ல கேளுங்க. குறைஞ்சது ரெண்டு கடையிலயும் ஒரு ஆன்லைன் தளத்துலயும் பாருங்க.

3. தள்ளுபடி இல்லாத இடத்துல இஎம்ஐ எடுக்கிறதா இருந்தா, இருக்கிறதிலேயே குறைஞ்ச தவணைக் காலத்தை எடுங்க. காலம் கூடக்கூட வட்டியும், அதுக்கான ஜிஎஸ்டியும் கூடும்.

4. ஒரு நேரத்துல ஒரே ஒரு கேட்ஜெட் இஎம்ஐ. போன் முடிஞ்சப்புறம்தான் ஸ்மார்ட் வாட்ச். முழுத் தொகைக்கும் உங்க கார்டு லிமிட் அடைபட்டு, கட்டக் கட்டத்தான் விடுபடும்கிறதை மறந்துடாதீங்க.

5. பொருளைத் திருப்பிக் கொடுத்தா, இஎம்ஐ ரத்து ஆச்சான்னு வங்கியில தனியா கேட்டு உறுதி பண்ணுங்க. முன்கூட்டி அடைக்க நினைச்சா, அதுக்கு என்ன கட்டணம்னு முதல்லயே பாருங்க.

6. கடன் முடிஞ்சதும் உங்க கிரெடிட் ரிப்போர்ட்ல அது 'குளோஸ்டு'ன்னு இருக்கான்னு பாருங்க. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், க்ரிஃப் ஹைமார்க் நாலுலயும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசம்.

இன்னொரு வழி, இஎம்ஐயைத் திருப்பிப் போடுறது. பழைய போன் இன்னும் ஆறு மாசம் ஓடும்னா, மாசம் 3,000 ரூபாய்க்கு ஆர்டி ஆரம்பிங்க. ஆறு மாசத்துல 18,000 சேரும், கொஞ்சம் வட்டியும் வரும். இதுல மாசம் 3,000 கட்டிப் பார்க்கிறதே உங்களுக்கு ஒரு பரீட்சை. ரெண்டாவது மாசமே ஆர்டி கட்ட முடியாம திணறினா, இஎம்ஐயும் கட்ட முடியாதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சுடும். சில இடங்கள்ல ஆர்டிக்குச் சின்ன அபராதம் இருக்கலாம், ஆனா சிபில் அடி இல்லை.

இன்னைக்கு ராத்திரி ஒரு அஞ்சு நிமிஷம் ஒதுக்கி, உங்க கடைசி கார்டு ஸ்டேட்மென்ட்டைத் திறங்க. ஓடிக்கிட்டு இருக்கிற எல்லா இஎம்ஐயையும் கூட்டி, கைக்கு வர்ற சம்பளத்தால வகுத்துப் பாருங்க. என்ன சதவீதம் வருதுன்னு கமென்ட்ல சொல்லுங்க. பேர் வேண்டாம், எண் மட்டும் போதும்.