அம்மா ஏற ஒரு படி

எங்கள் அம்மா ஏறாத லாரி இல்லை. பெஸ்தாரி ஜெயாவை இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் தலைமுறை அவர். விடியற்காலையில் பெரட்டு முடிந்ததும் லாரி டயரில் ஒரு காலை ஊன்றி, மேலே நிற்பவரின் கையைப் பிடித்து ஒரே எட்டில் ஏறிவிடுவாராம். பால் வாளி, அரிவாள், சோற்றுத் தூக்கு எல்லாம் கையிலேயே இருக்கும். பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் இந்தப் பக்கத்துத் தெனமாரத்தில்தான் உருவானது. பெயரைக் கேட்டால் தென்னை, மண்ணில் நின்றதோ செம்பனை!

அந்த அம்மாவுக்கு இப்போது 68 வயது. இரண்டு முட்டியிலும் தேய்மானம். தம்பி தோட்டக் குத்தகை வேலை செய்கிறான். பழக்குலையும் உர மூட்டையும் ஏற்ற, பழைய பிக்அப் ஒன்றை வாங்கினான். வீட்டில் இருப்பது அந்த ஒரு வண்டிதான். அதில் அம்மாவால் ஏற முடியவில்லை.

"அதுக்கென்னக்கா, சைட் ஸ்டெப் போட்டா சரியாப்போச்சு" என்றான் தம்பி.

நாங்கள் செய்த முதல் தவறு

கடைக்குப் போனோம். பளபளக்கும் எவர்சில்வர் குழாய், வண்டியின் நீளத்துக்கு. பார்த்ததும் பிடித்துவிட்டது. அன்றே மாட்டிக்கொண்டு வந்தோம். வண்டிக்குப் புது மவுசு வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர்களும் பாராட்டினார்கள்.

இரண்டாவது வாரம் மழை. செம்மண் ஒட்டிய செருப்போடு அம்மா அந்தக் குழாயில் கால் வைத்தார். வழுக்கியது. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் அடி. நல்லவேளை, எலும்பு முறியவில்லை. கடைக்காரரைக் குறை சொல்ல மனமில்லை. நாங்கள் கேட்டது அழகு, அவர் கொடுத்ததும் அழகு.

அம்மா எதுவும் சொல்லவில்லை. ஆனால், அதற்குப் பிறகு உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு வரவில்லை. "எனக்கு வேலை இருக்கு, நீங்க போய்ட்டு வாங்க" என்றார். அடுத்த மாதம் கோயில் திருவிழாவுக்கும் அதே பதில். மூன்றாவது முறைதான் எனக்கு உறைத்தது. வானொலியில் தினமும் முகம் தெரியாதவர்களின் குரலை வைத்தே மனநிலையைக் கண்டுபிடிக்கிறவள் நான். சொந்த அம்மாவின் குரலில் இருந்த பயம் என் காதில் விழவில்லை.

உயரம்தான் முதல் கணக்கு

இந்த முறை அளவு நாடாவோடு ஆரம்பித்தோம். தரையிலிருந்து எங்கள் வண்டியின் கதவடித் தளம் 58 செண்டிமீட்டர். பழைய குழாயின் மேற்பகுதி 42 செண்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. முதல் எட்டு 42, அடுத்த எட்டு வெறும் 16! நம் நாட்டின் 1984ஆம் ஆண்டுக் கட்டடத் துணைச்சட்டம், மாடிப்படி ஒன்றின் உயரம் 180 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது, எல்லாப் படிகளும் ஒரே அளவில் இருக்கவேண்டும் என்கிறது. வண்டிப் படிக்கு அந்தச் சட்டம் இல்லை. ஆனால், முட்டிக்கு வீடும் வண்டியும் ஒன்றுதான்.

வாசலில் செங்கல்லும் பலகையும் அடுக்கி அம்மாவை ஏறிப் பார்க்கச் சொன்னோம். 40 செண்டிமீட்டரில் முகம் சுளித்தார். 35இல் சுவரைப் பிடித்தார். 30 வந்ததும், "இது போதும்யா" என்றார்.

தம்பிக்குத்தான் கவலை. "அவ்வளவு தாழ்வா வச்சா தோட்டத்துப் பாதையில அடிபடும்க்கா." அவன் சொல்வதும் நியாயம். மழைக்குப் பிறகு லாரி டயர் பதிந்த பள்ளங்களுக்கு நடுவே மண் திட்டாக எழுந்து நிற்கும். பாரம் ஏற்றினால் வண்டி இன்னும் சில செண்டிமீட்டர் இறங்கும். தாழ்ந்த படி மண்ணில் உரசி, வளைந்து, கதவையே திறக்கவிடாமல் செய்யலாம்.

அம்மாவின் முட்டி தாழ்வைக் கேட்டது, தம்பியின் பிழைப்பு உயரத்தைக் கேட்டது. ஈஜோக் பக்கம் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர்தான் வழி சொன்னார். "அம்மா எந்தப் பக்கம் ஏறுவாங்க?" என்று கேட்டார். இடப்பக்கம், முன் இருக்கை. "அப்புறம் எதுக்கு நாலு கதவுக்கும் தாழ்வா வைக்கிறீங்க?"

இப்படித்தான் முடிவானது. இரண்டு பக்கமும் சேசிஸை ஒட்டி உயரமான படி. இடது முன்கதவுக்கு நேரே மட்டும் 32 செண்டிமீட்டர் உயரத்தில் கீழிறங்கும் ஒரு வளையப் படி. முதல் எட்டு 32, அடுத்தது 26.

மேற்பரப்பைத் தொட்டுப் பாருங்கள்

அடுத்தது, பாதம் படும் இடம். கனடாவின் மலைகளில் ஓடும் ஸ்னோமொபைல் என்ற பனி வண்டியில், ஓட்டுநர் பெரும்பாலும் நின்றுகொண்டேதான் ஓட்டுவார். அவர் நிற்கும் கால்பலகையில் பெரிய பெரிய ஓட்டைகளும், அவற்றின் விளிம்பில் பற்களும் இருக்கும். பூட்ஸில் ஒட்டிய பனி ஓட்டை வழியே கீழே விழ வேண்டும், பற்கள் அடிப்பாகத்தைக் கவ்விக்கொள்ள வேண்டும். அங்கே பனி, இங்கே செம்மண். வேலை ஒன்றுதான்.

வழவழப்பான தகட்டில் ஒட்டிய ரப்பர் பட்டை, சேறு அப்பினால் சோப்புக்கட்டி போலாகிவிடும். அதனால், ஓட்டையிட்டு மேடு தட்டிய தகட்டைத் தேர்ந்தெடுத்தோம். பாதத்தின் முன்பாதி முழுவதும் பதியும் அகலம் இருக்கிறதா என்று அம்மாவின் செருப்பையே வைத்துப் பார்த்தோம். மழையில் நனைந்த செருப்போடு சோதித்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

உலோகமும் முக்கியம். கோலசிலாங்கூரில் கடற்காற்றின் உப்பு. தோட்டத்தில் பொட்டாஷ் உரம், அதுவும் ஒருவகை உப்புதான். பவுடர் கோட்டிங் போட்ட இரும்பு வலுவானது, விலையும் குறைவு. ஆனால், கீறல் விழுந்த இடத்தில் துரு உள்ளே நுழையும். அலுமினியம் இலகு, ஆனால் கல்லில் மோதினால் நசுங்கும். நாங்கள் இரும்பையே எடுத்தோம். கீறல் விழுந்தால் உடனே சாயம் தொடுவது தம்பியின் பொறுப்பு.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை

பிக்அப்பின் உட்காரும் அறை, சேசிஸின் மேல் ரப்பர் தாங்கிகளில் உட்கார்ந்திருக்கிறது. ஓடும்போது இரண்டும் தனித்தனியே அசையும். படியின் ஒரு முனையைச் சேசிஸிலும் மறுமுனையை அறையின் தகட்டிலும் இறுக்கினால், நாளடைவில் சத்தம் வரும், விரிசலும் விழலாம். எங்கள் படிகள் முழுவதும் சேசிஸில் ஏற்கெனவே இருக்கும் துளைகளில்தான் மாட்டப்பட்டன. "துளை போடவோ வெல்டிங் வைக்கவோ யாராவது சொன்னா, வண்டிய எடுத்துட்டு வந்துடுங்க" என்றார் பட்டறை அண்ணன்.

அவர் வேலை செய்த முறையையும் பார்த்தேன். பிரேக் குழாய், எண்ணெய்க் குழாய் எங்கே ஓடுகின்றன என்று முதலில் விளக்கடித்துப் பார்த்தார். எல்லா போல்ட்டையும் கையாலேயே பாதி இறுக்கினார். படி நேராக நிற்கிறதா, கதவு முழுதாகத் திறக்கிறதா என்று பார்த்த பிறகே, கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கினார். 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி வந்து இறுக்கச் சொன்னார்.

கடைசியாகத் தம்பியிடம் ஒன்று சொன்னார். "ஓடுற வண்டியில ஆளுங்கள இதுல தொத்த விடாதீங்க. இது ஏற, இறங்க மட்டும்தான்." தோட்டப் பாதையில் அப்படித் தொத்திக்கொண்டு போவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். சக்கரத்துக்கும் அந்தக் காலுக்கும் இடையே அதிக தூரமில்லை. வண்டியின் அகலத்தைத் தாண்டி வெளியே நீளும் படியும் வேண்டாம். சந்தேகம் இருந்தால், வாங்கும் முன்பே சாலைப் போக்குவரத்து இலாகாவில் கேட்டுவிடுங்கள்.

அவர் வீட்டில் கேட்டீர்களா?

வீட்டுக்கு வந்ததும் அம்மா படியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கதவோரக் கைப்பிடியைப் பற்றினார். ஒரு கால், மறு கால். உட்கார்ந்துவிட்டார். இறங்குவதுதான் கஷ்டம் என்று நாங்கள் பயந்தோம். இருக்கையைப் பார்த்தபடி திரும்பி, பின்பக்கமாகவே இறங்கினார். "லாரியில இருந்து அப்படித்தான் இறங்குவோம்" என்றார்.

உங்கள் வீட்டிலும் "எனக்கு வேலை இருக்கு" என்று வெளியே வர மறுக்கும் பெரியவர் இருந்தால், ஒருமுறை வண்டிக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளந்து பாருங்கள். படி வாங்கப் போகும்போது, அதில் கால் வைக்கப்போகிறவரையும் கேட்டுக்கொண்டு போங்கள்.

போன ஞாயிறு காலை கோயிலுக்குக் கிளம்பினோம். நானும் தம்பியும் வீட்டைப் பூட்டிவிட்டு வந்து பார்த்தால், அம்மா ஏற்கெனவே முன் இருக்கையில் பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எவ்வளவு நேரம்டா உங்களுக்கு?" என்றார்.